இருபது பதிவுகளைக் காட்ட ஒரு லட்சம் பதிவுகளைப் படிக்காமல் இருப்பது எப்படி

பட்டியல் பக்கம் ஒன்றை முதன்முதலில் எழுதும்போது பெரும்பாலோர் செய்வதையே நானும் செய்தேன். தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஒரு வினவலில் மொத்த எண்ணிக்கையை எடுத்தேன். இன்னொன்றில் லிமிட் (எத்தனை பதிவுகள் வேண்டும்), ஆஃப்செட் (முதலில் எத்தனையைத் தள்ள வேண்டும்) இரண்டையும் போட்டு இருபது பதிவுகளை எடுத்தேன். அட்டவணையில் சில ஆயிரம் பதிவுகள் இருந்தவரை எந்தக் குறையும் தெரியவில்லை. அது பல லட்சத்தைத் தாண்டிய பிறகு பக்கம் திறக்கவே பல நொடிகள் ஆயின. முதலில் சர்வரைப் பெரிதாக்கினோம், அடுத்து கேஷ் வைத்தோம், கடைசியாகத்தான் வினவல் என்ன செய்கிறது என்று பார்த்தோம். அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருந்தால் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும். நீங்கள் அப்படித் தலைகீழாகத் தொடங்குவதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

எண்ணுவது ஒரு வேலை, பக்கத்தை எடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே திரையில் காட்டுவதால் அவற்றை ஒரே சிக்கலாக நினைத்துவிடுகிறோம். கீழே இரண்டையும் பிரித்தே கையாள்கிறேன்.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

முதலாவது, மெதுவான வினவல்களின் பதிவேடு. அது தானாகவே எழுதப்படும் என்று நம்பி ஏமாறாதீர்கள். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கினாலும் 10 நொடிக்கு மேல் ஓடியவற்றை மட்டுமே எழுதும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்திலும் கால அளவைப் பார்த்து வினவலைப் பதியும் அமைப்பு இயல்பாக இயங்காது. அரை நொடி போன்ற ஓர் எல்லையை நீங்களே வைத்து, வேலை மிகுந்த ஒரு முழு நாளாவது ஓடவிடுங்கள்.

இரண்டாவது, அட்டவணையின் வரையறையும் அதன்மீது ஏற்கெனவே உள்ள இன்டெக்ஸ்களின் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியல்கள்) விவரமும். மூன்றாவது, திரையில் பயனர் எந்தெந்த வடிகட்டிகளையும் வரிசை முறைகளையும் தேர்ந்தெடுக்க முடியும் என்ற முழுப் பட்டியல். இதை எழுதி வைக்காமல் இன்டெக்ஸ் போடத் தொடங்கினால் பின்னர் பாதியைக் கழிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, உண்மையான அளவுள்ள ஒரு நகல் தரவுத்தளம். நூறு பதிவுகள் கொண்ட சோதனை அட்டவணையில் தரவுத்தளம் இன்டெக்ஸைத் தொடாமல் முழு அட்டவணையையும் படித்துவிடுவதே சிக்கனம் என்று முடிவு செய்யும். அந்தத் திட்டத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க இயலாது. வினவலைத் தரவுத்தளம் எந்தத் திட்டப்படி நடத்துகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையை அந்த நகலில்தான் ஓட்ட வேண்டும். வெறும் எக்ஸ்பிளெய்ன் மதிப்பீட்டை மட்டும் சொல்லும். அனலைஸ் சேர்ந்தால் வினவல் உண்மையாகவே ஓடும். அழிக்கும் அல்லது மாற்றும் கட்டளைக்கு முன்னால் அதை வைத்தால் பதிவுகள் உண்மையாகவே அழியும், மாறும். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி 8.0.18 பதிப்பிலிருந்துதான் உண்டு.

2. அந்த எண் யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள்

“மொத்தம் 8,43,217 முடிவுகள்” என்று காட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் எட்டு லட்சம் பதிவுகளை எண்ணுகிறோம். அதைப் படிப்பவருக்குக் கடைசி மூன்று இலக்கங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே வடிவமைத்தவரிடமும் பயன்படுத்துபவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றுதான் வரும்: ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும், “1000க்கு மேல்” என்பது போதும், ஏறத்தாழத் தெரிந்தால் போதும், துல்லியமாகவே வேண்டும். கடைசி விடை பெரும்பாலும் கணக்கு அறிக்கைகளுக்கு உரியது. பட்டியல் பக்கத்துக்கு அது உண்மையில் தேவைப்பட்டதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

3. தேவைக்கேற்ற எண்ணும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இருக்கிறதா என்று மட்டும் அறிய எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். அது முதல் பதிவு கிடைத்தவுடன் நின்றுவிடும். எண்ணும் செயற்பாடான கவுன்ட் எடுத்துப் பூச்சியத்தைவிடப் பெரிதா என்று ஒப்பிட்டால் எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகுதான் விடை வரும்.

“1000க்கு மேல்” போதுமென்றால், உள்ளே ஒரு துணை வினவலில் லிமிட் 1001 போட்டு, வெளியே அதன்மீது கவுன்ட் எடுங்கள். 1001 என்று வந்தால் “1000க்கு மேல்” என்று காட்டுங்கள். குறைவாக வந்தால் அதுவே துல்லியமான எண். இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு: லிமிட்டைக் கவுன்ட் இருக்கும் அதே வினவலின் கடைசியில் போடுவது. கவுன்ட் தருவது ஒரே ஒரு விடைவரி. அந்த ஒரு வரியின் மீது 1001 என்ற எல்லை எதையும் செய்யாது, எண்ணும் வேலை அப்படியே முழுமையாக நடக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வடிகட்டிக்குப் பொருந்தும் பதிவுகள் மிகச் சிலவாக இருந்து, ஏற்ற இன்டெக்ஸும் இல்லையென்றால், அந்த 1001ஐத் தேடி முழு அட்டவணையும் படிக்கப்படும்.

ஏறத்தாழ போதுமென்றால், தரவுத்தளம் தனக்காகச் சேர்த்து வைத்திருக்கும் புள்ளிவிவரத்தைக் கேட்டுப் பெறலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி கிளாஸ் என்னும் உள் அட்டவணையின் ரெல்டியூபிள்ஸ் புலத்தில் அது இருக்கும். வேக்யூம் (பழைய பதிவுகளைத் துப்புரவாக்கும் வேலை), அனலைஸ் (புள்ளிவிவரம் திரட்டும் தனிக் கட்டளை), இன்டெக்ஸ் உருவாக்கம் போன்ற சில வேலைகள் ஓடும்போதுதான் அது புதுப்பிக்கப்படும். வேக்யூமோ அனலைஸோ ஒருமுறையும் ஓடாத அட்டவணைக்கு 14ஆம் பதிப்பிலிருந்து -1 என்று வரும், அதை அப்படியே திரையில் காட்டிவிடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியின் அட்டவணைகளுக்கு, இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்னும் உள் விவரத் தொகுப்பில் உள்ள எண் 40 முதல் 50 விழுக்காடு வரை தவறலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது, 8.0 பதிப்பில் அந்த எண் இயல்பாக 24 மணி நேரம் வரை பழையதாகவும் இருக்கலாம். இரண்டும் முழு அட்டவணைக்கு மட்டுமே பொருந்தும். வடிகட்டிய முடிவுக்கு வேண்டுமென்றால், எக்ஸ்பிளெய்ன் சொல்லும் மதிப்பீட்டை நிரல் வழியே படித்தெடுக்கலாம்.

துல்லியமாகவே வேண்டுமென்றால், அதன் விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ், இன்னோடிபி இரண்டிலும் ஒரே நேரத்தில் இயங்கும் பரிவர்த்தனைகள் (ஒன்றாகவே நிறைவேறும் கட்டளைத் தொகுப்புகள்) ஒவ்வொன்றும் தனக்குரிய பதிவுகளைத்தான் பார்க்கும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஆக வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாமின் அட்டவணைகள் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்ததால்தான், அந்தக் காலத்து அனுபவத்தில் சிலர் “கவுன்ட் ஸ்டார் உடனே வரும்” என்று இன்றும் சொல்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 9.2 முதல் இன்டெக்ஸை மட்டும் படித்து எண்ண முடிகிறது. ஆனால் வேக்யூம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும்.

எண்ணும் வினவலைச் சுத்தப்படுத்துவதிலேயே நேரம் குறையலாம். அதிலிருந்து வரிசைப்படுத்தும் ஆர்டர் பை பகுதியை நீக்குங்கள். காட்சிக்காக மட்டும் சேர்த்த ஜாயின்களை (வேறு அட்டவணைகளோடு இணைக்கும் பகுதிகளை) நீக்குங்கள். ஒன்றுக்குப் பல என்று இணையும் ஜாயின் இருந்தால் நேரம் கூடுவதோடு எண்ணும் பெருகித் தவறாகும். கவுன்ட்டுக்குள் ஒரு புலத்தின் பெயரைக் கொடுத்தால், அந்தப் புலம் வெறுமையாக உள்ள பதிவுகள் எண்ணப்படாது. கவுன்ட்டுக்குள் ஸ்டார் போடுவதைவிட 1 போடுவது வேகமானது என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரே வினவலில் மொத்தத்தையும் சேர்த்துத் தந்த எஸ்கியூஎல் கால்க் ஃபவுண்ட் ரோஸ் என்ற வசதி 8.0.17 முதல் கைவிடப்படும் பட்டியலில் உள்ளது. அதற்குப் பதிலாகக் கவுன்ட் ஓவர் என்னும் சாளரச் செயற்பாட்டைப் போடுவோரும் உண்டு. அது லிமிட்டுக்கு முன்பே பொருந்தும் பதிவுகள் அனைத்தையும் எண்ணுவதால் சேமிப்பு எதுவும் இல்லை. எல்லை தாண்டிய பக்கத்தைக் கேட்டால் ஒரு பதிவும் வராததால் மொத்தமும் சேர்ந்தே காணாமற்போகும்.

நீங்கள் பயன்படுத்தும் நிரல் கட்டமைப்பு (ஃபிரேம்வொர்க்) உங்களைக் கேட்காமலே எண்ணிக்கொண்டிருக்கலாம். ஸ்பிரிங் டேட்டாவில் பேஜ் என்பது எண்ணும், ஸ்லைஸ் என்பது எண்ணாது. லாரவெலில் பேஜினேட் எண்ணும், சிம்பிள் பேஜினேட் எண்ணாது. ஜாங்கோவின் பேஜினேட்டர் எண்ணும். நிரலில் ஒரு சொல்லை மாற்றி இந்த வேலையை முடித்துவிடக்கூடிய இடங்கள் பல உண்டு. முதலில் அங்கே பாருங்கள்.

4. வரிசையை ஐயத்துக்கு இடமின்றி வரையறுங்கள்

ஆர்டர் பை இல்லாத வினவலுக்கு வரிசை என்பதே கிடையாது. சோதனையில் எப்போதும் ஒரே வரிசையில் வந்தது தற்செயல். உருவான நேரத்தைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தினாலும் போதாது. மைஎஸ்கியூஎல்லின் டேட்டைம் புலம் இயல்பாக நொடி வரைதான் காக்கும், ஆகவே ஒரே நொடியில் வந்த முப்பது பதிவுகளுக்குள் எது முன்னால் என்று தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக முடிவு செய்யலாம். அதனால் ஒரு பதிவு இரண்டு பக்கங்களில் வரும். இன்னொன்று எதிலுமே வராது. கடைசியில், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியான எண்ணைச் சேர்த்து, நேரம், எண் என்ற இரண்டாலும் வரிசைப்படுத்துங்கள்.

“கடைசியாக மாற்றிய நேரம்” போன்ற நகரும் புலத்தால் வரிசைப்படுத்தினால், பயனர் பக்கம் புரட்டும் நேரத்திலேயே பதிவுகள் இடம் மாறும். இதை எந்தப் பக்க முறையாலும் முழுவதும் தவிர்க்க இயலாது. முடிந்தால் மாறாத புலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. ஆஃப்செட்டை எங்கே விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

ஆஃப்செட் 1,00,000, லிமிட் 20 என்று கேட்டால் தரவுத்தளம் நேராக அந்த இடத்துக்குத் தாவுவதில்லை. 1,00,020 பதிவுகளை வரிசையாகப் படித்து, முதல் ஒரு லட்சத்தை எறிந்துவிட்டு இருபதைத் தருகிறது. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் முடிவில் லிமிட் படிநிலையில் 20 என்றும் அதற்குக் கீழ்ப் படிநிலையில் 1,00,020 என்றும் நிற்பதைப் பார்த்தால் நோய் இதுதான்.

பத்து லட்சம் பதிவுகளை நூறு நூறாக ஆஃப்செட் மூலம் முழுவதும் இறக்கினால், பத்தாயிரம் கோரிக்கைகளில் மொத்தம் 500 கோடி பதிவுகளுக்கு மேல் படிக்கப்படும். ஐந்தாயிரமாவது பக்கத்துக்கு எந்த மனிதரும் போக மாட்டார் என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர் போகவில்லை, பக்க இணைப்புகளை ஒன்றுவிடாமல் பின்தொடர்ந்த தேடுபொறி நிரல்கள் போயின.

சில ஆயிரம் பதிவுகளைத் தாண்டாத நிர்வாகப் பட்டியல்களுக்கு ஆஃப்செட் போதும். அங்கே இதை மாற்ற நேரம் செலவிடாதீர்கள். பக்க எண்ணைத் தட்டித் தாவும் வசதி கட்டாயம் என்றால், நூறு பக்கம் போன்ற ஓர் எல்லையை வையுங்கள். அதோடு, உள்ளே ஒரு துணை வினவலில் இன்டெக்ஸிலிருந்து இருபது எண்களை மட்டும் ஆஃப்செட்டுடன் எடுத்து, பிறகு அந்த இருபதுக்கு மட்டும் முழுப் பதிவை இணைத்து எடுங்கள். தள்ளப்படும் பதிவுகளின் அகலமான புலங்களைப் படிக்கும் செலவு இதனால் போய்விடும். எண்ணித் தள்ளும் செலவு மட்டும் இருக்கும்.

6. மற்ற இடங்களில் கீசெட் முறைக்கு மாறுங்கள்

இந்த முறையில் “நூறாவது பக்கத்தைத் தா” என்று கேட்பதில்லை. “நான் கடைசியாகப் பார்த்த பதிவுக்கு அடுத்த இருபதைத் தா” என்று கேட்கிறோம். புதியது முதலில் வரும் பட்டியலில், கடைசிப் பதிவின் நேரத்தையும் எண்ணையும் வினவலில் நிபந்தனை சொல்லும் “வேர்” (where) பகுதியில் கொடுத்து, அந்த ஜோடியைவிடச் சிறியவற்றை அதே வரிசையில் கேட்கிறோம். ஏற்ற இன்டெக்ஸ் இருந்தால் முதல் பக்கத்துக்கும் பத்தாயிரமாவது பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும்.

ஒப்பிடும் விதத்தில் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸ் அடைப்புக்குறிக்குள் இரண்டு புலங்களையும் வைத்து ஜோடியாக ஒப்பிட விடும், இன்டெக்ஸையும் அதற்குப் பயன்படுத்தும். எஸ்கியூலைட்டில் இது 3.15.0 முதல் உண்டு. மைஎஸ்கியூஎல் இந்த வடிவத்தை ஏற்றாலும் இன்டெக்ஸை முழுமையாகப் பயன்படுத்தாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ஏற்பதே இல்லை. அவ்விரண்டிலும் விரித்து எழுதுங்கள்: நேரம் கொடுத்த நேரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அல்லது நேரம் சமமாக இருந்து எண் சிறியதாக இருக்க வேண்டும். இந்த “அல்லது” இன்டெக்ஸைக் குழப்பாமல் இருக்க, வெளியே “நேரம் கொடுத்த நேரத்தைவிடச் சிறியது அல்லது சமம்” என்ற நிபந்தனையையும் சேர்த்து வையுங்கள். தேடல் தொடங்கும் இடம் அப்போது தெளிவாகிவிடும். ஒரு புலம் ஏறுவரிசையிலும் மற்றொன்று இறங்குவரிசையிலும் இருந்தால் ஜோடி ஒப்பீடு பொருந்தாது, விரித்து எழுதுவதே வழி.

“இரண்டு புலங்களும் எதற்கு, நேரத்தைவிடச் சிறியது என்றால் போதாதா?” என்று கேட்கத் தோன்றும். போதாது: பக்க எல்லை ஒரே நேரம் கொண்ட பதிவுகளின் நடுவில் விழுந்தால், மீதமுள்ளவை ஓசையின்றி விடுபடும். சமத்தையும் சேர்த்தால் பார்த்தவையே திரும்ப வரும்.

அடுத்த பக்கம் உண்டா என்று அறிய எண்ண வேண்டியதில்லை. இருபது வேண்டுமென்றால் 21 கேளுங்கள். 21 வந்தால் அடுத்த பக்கம் உண்டு, கடைசியானதைக் காட்டாமல் விட்டுவிடுங்கள். முந்தைய பக்கத்துக்கு ஒப்பீட்டையும் வரிசையையும் இரண்டையும் திருப்பிக் கேட்டு, வந்த முடிவை நிரலில் மீண்டும் தலைகீழாக்க வேண்டும். வரிசையைத் திருப்ப மறந்தால் முந்தைய பக்கத்துக்குப் பதிலாக முதல் பக்கமே வந்துகொண்டிருக்கும்.

வெற்று மதிப்பு வரக்கூடிய புலத்தால் வரிசைப்படுத்தினால் இன்னொரு வகைச் சிக்கல் வரும். வெறுமையோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை என்ற விடை வராது என்பதால் அந்தப் பதிவுகள் மறைந்துவிடும். ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ் அவற்றைக் கடைசியிலும் மைஎஸ்கியூஎல் முதலிலும் வைப்பதால், ஒன்றில் சோதித்து மற்றொன்றில் ஓட்டுவோர் கூடுதலாகக் குழம்புவார்கள். வெறுமை வராத புலத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறொன்று. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோநொடி வரை காக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிநொடி வரைதான் காக்கும். கடைசிப் பதிவின் நேரம் உலாவிக்குப் போய்த் திரும்பும்போது கடைசி மூன்று இலக்கங்கள் உதிர்ந்துவிட, ஒப்பீடு சற்றே பழைய நேரத்தில் தொடங்கி, இடைப்பட்ட ஓரிரு பதிவுகள் விடுபட்டன. நேரத்தைச் சரமாக, தரவுத்தளம் கொடுத்த முழு நுட்பத்தோடு அனுப்பித் திரும்பப் பெறுங்கள்.

7. கர்சரைப் பொதிந்து அனுப்புங்கள்

கடைசியாகப் பார்த்த பதிவைச் சுட்டும் நேரத்தையும் எண்ணையும் சேர்த்துக் கர்சர் என்கிறோம். அவற்றை அப்படியே முகவரியில் வைக்காமல், பேஸ்64 போன்ற குறிமுறையில் ஒரே சரமாகப் பொதிந்து அனுப்புங்கள். பேஸ்64 என்பது பூட்டு அல்ல, எவரும் பிரித்துப் பார்க்கலாம். ஆகவே மறைக்க வேண்டியது எதையும் உள்ளே வைக்காதீர்கள், மாற்றப்படக்கூடாது என்றால் கையொப்பமும் சேருங்கள். எந்த வடிகட்டியோடு அது உருவானது என்ற அடையாளத்தையும் உள்ளே வைத்தால், பயனர் வடிகட்டியை மாற்றிவிட்டுப் பழைய கர்சரோடு வரும்போது முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பயனரின் அனுமதியை ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாகச் சரிபாருங்கள். கர்சர் வைத்திருப்பது அனுமதி ஆகாது.

8. இன்டெக்ஸ்: செலவும் நேரமும்

சமமாக ஒப்பிடும் வடிகட்டிப் புலங்கள் முதலில், அடுத்து வரிசைப்படுத்தும் நேரம், கடைசியில் எண் என்பதே இன்டெக்ஸின் அமைப்பு. நிலை “திறந்தது” என்று வடிகட்டி நேரப்படி காட்டுவதானால் நிலை, நேரம், எண். இன்னோடிபியில் ஒவ்வொரு துணை இன்டெக்ஸும் முதன்மைச் சாவியைத் தானாகவே கடைசியில் வைத்திருப்பதால், அங்கே எண்ணை வெளிப்படையாகச் சேர்க்காவிட்டாலும் குறைவில்லை.

ஒவ்வொரு இன்டெக்ஸும் வட்டில் இடம் பிடிக்கும். பதிவு சேரும்போதெல்லாம் அதுவும் எழுதப்பட வேண்டும். எல்லா வடிகட்டிச் சேர்க்கைகளுக்கும் இன்டெக்ஸ் போட முனையாதீர்கள். மெதுவான வினவல்களின் பதிவேட்டில் முன்னணியில் நிற்கும் இரண்டு மூன்றுக்குப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கவனியுங்கள்.

இயங்கும் தளத்தில் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸைக் கன்கரன்ட்லி என்ற சொல்லோடு உருவாக்குங்கள். இல்லாவிட்டால் முடியும்வரை எழுதும் வேலைகள் நிற்கும். இந்த வழியில் அட்டவணை இரண்டு முறை படிக்கப்படுவதாலும், ஏற்கெனவே ஓடும் பரிவர்த்தனைகள் முடியக் காத்திருப்பதாலும் நேரம் கூடும். பரிவர்த்தனைக்குள் வைத்து இதை ஓட்ட முடியாது. அட்டவணை அமைப்பை மாற்ற உதவும் பல மைக்ரேஷன் கருவிகள் எல்லாவற்றையும் பரிவர்த்தனைக்குள் வைப்பதால், அதை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும். நடுவில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அது பயன்படாமலே எழுதும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். அதை நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்குங்கள்.

மைஎஸ்கியூஎல் 5.6 முதல் துணை இன்டெக்ஸ் உருவாகும்போதே படிக்கவும் எழுதவும் விடுகிறது. ஆனாலும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சிறு பூட்டு வேண்டும். எங்கோ ஒரு நீண்ட பரிவர்த்தனை திறந்தபடி கிடந்தால் இன்டெக்ஸ் அதற்காகக் காத்திருக்கும், அதன் பின்னால் மற்ற எல்லாக் கோரிக்கைகளும் காத்திருக்கும். நீண்ட அறிக்கைகள் ஓடாத நேரமாகப் பார்த்து வையுங்கள்.

9. தொகுதி வேலைகளில் ஆஃப்செட்டை அறவே தவிருங்கள்

நிலுவையில் உள்ள பத்தாயிரம் அறிவிப்புகளை ஐந்நூறு ஐந்நூறாக எடுத்து அனுப்பி, அனுப்பியவற்றின் நிலையை மாற்றும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். பிழையே காட்டாமல் முடிந்தது. பாதிப் பேருக்கு அறிவிப்பு போகவில்லை. முதல் ஐந்நூறின் நிலை மாறியதும் அவை வடிகட்டியிலிருந்து விலகின. மீதமுள்ளவற்றிலிருந்து அடுத்த சுற்று மறுபடி ஐந்நூறைத் தள்ளியது. இப்படியே ஐயாயிரம் போயின. கடைசியாகக் கையாண்ட எண்ணை வைத்துக்கொண்டு அதைவிடப் பெரியவற்றைக் கேட்பதே சரியான வழி.

எல்லாவற்றையும் ஒரே வினவலில் எடுத்துவிடலாம் என்று நினைத்தால், பைத்தானின் சைகாப்பிஜி2 போன்ற இணைப்பான்கள் முடிவு முழுவதையும் இயல்பாக நினைவகத்தில் ஏற்றிவிடும் என்பதை மறவாதீர்கள். சர்வர் பக்கக் கர்சர் (முடிவைச் சர்வரிலிருந்து சிறிது சிறிதாகத் தருவது, 7ஆம் படியில் சொன்ன கர்சர் வேறு) அதைத் தவிர்க்கும். ஆனால் வேலை முடியும்வரை பரிவர்த்தனையைத் திறந்தே வைத்திருக்கும். இரவில் ஓடும் ஏற்றுமதிக்கு அது ஏற்றது, இணையப் பக்கத்துக்கு ஏற்றதன்று.

10. வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரே நேரத்தைக் கொண்ட ஐம்பது பதிவுகளை உருவாக்கி, இருபது இருபதாகப் புரட்டி, கிடைத்த எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு முறை வந்ததும் விடுபட்டதும் இருக்கக் கூடாது. சரியாக நாற்பது பதிவுகள் மட்டும் வைத்து, இரண்டாம் பக்கத்தில் “அடுத்து” என்ற பொத்தான் மறைகிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் இடையில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, கர்சர் சுட்டும் அதே பதிவை அழித்துவிட்டு அடுத்த பக்கத்தைக் கேளுங்கள். கர்சரில் நேரமும் எண்ணும் இருந்தால் வெறும் மதிப்புகளின் ஒப்பீடு என்பதால் எந்த மாற்றமும் இருக்காது. எண்ணை மட்டும் அனுப்பி, அதைக் கொண்டு நேரத்தைத் தரவுத்தளத்தில் தேடும்படி எழுதியிருந்தால் வெற்றுப் பக்கம் வரும். அப்படி வந்தால் 7ஆம் படிக்குத் திரும்பிச் சென்று நேரத்தையும் சேர்த்துப் பொதியுங்கள்.